ஐந்து நெட்டையர்

என் அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆளில்லை.
தெரிந்தேதான்.

ஐந்து பேர், ஐவருமே இரண்டு மீட்டர் பத்துக்கு மேல்.
எலியாஸ் டும்பே: இருநூற்றுப் பதினெட்டு, வயது முப்பத்துநான்கு,
பந்து கைமாற்றும் திறன் ‘பரிதாபம்’.
இயந்திரமே அப்படித்தான் எழுதியிருந்தது,
எண்ணுக்குப் பதில் ஒரு சொல்.
வால்தெமார் ஊயெயின் குறிக்கு
அதைவிடக் கீழான ஒரு சொல்.
விற்றவர்கள் விலையைப் பற்றிக் கவலைப்படவில்லை,
சம்பளச் சுமை இறங்கினால் போதுமென்று
சந்தை வாசலில் விட்டுப் போயிருந்தார்கள்.
ஆயிரம் காசு வைத்தேன்.
எதிர்த்து ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை.
கடைசி மூன்று நிமிடம்
நானே எனக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

க்ளைபெடா துறைமுகத்தில்
காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
பாரந்தூக்கியை நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும்.
இந்த அணியைக் கட்டியது அந்தக் காற்றுதான்.
காத்திருப்பு அறை. ஹீட்டர்மேல் ஈரக் கையுறைகள்.
கம்பு ரொட்டிக்கும் புகையிட்ட மீனுக்கும் நடுவில் என் ஃபோன்.
ஷிஃப்ட் தலைவர் ரிம்வீதாஸ் எட்டிப் பார்த்தார்:
“ஸ்கிர்மாந்தே, இது அணியா, மின்கம்ப வரிசையா?”

அவர் பள்ளி அணியில் நிஜமாகவே ஆடியவர்.
இந்த நாட்டில் ஆடாதவர் யார்?
நான்.
ஒன்றரை மீட்டரும் கொஞ்சமும்.
பெஞ்சில் உட்கார்ந்து
மற்றவர்களின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
மூன்று வருடம்.

என் கணக்கு எளிது.
எறிவோம், விழாது.
எகிறி வருவதை நாங்களே பிடிப்போம்.
மறுபடி எறிவோம், மறுபடி விழாது.
வளையத்தடியில் பத்துக் கைகள், பத்தும் நம் கைகள்.
பந்தே போய்ச் சேராவிட்டால்
எதிரியின் குறி துல்லியமாக இருந்தென்ன?

சனிக்கிழமை, பட்டியலின் உச்சியிலிருந்த ருஜ்ஜேரோ.
டிராபனியில் பல் டாக்டர்.
ஆட்டத்துக்கு முன் ஒரு வரி அனுப்பினார்:
“உங்கள் கார்டுகள் விமானத்தைத் தவறவிட்டார்களா?”

டும்பே எறிகிறார். தவறு.
ரீபவுண்ட்: டும்பே.
டும்பே எறிகிறார். தவறு.
ரீபவுண்ட்: ஊயெ.
ஊயெ எறிகிறார். வளையத்தைத் தொடவே இல்லை.
பிடித்தவர்: டும்பே.

கைக்கு எட்டியது வளையத்துக்கு எட்டவில்லை.
எட்டாததால் மறுபடி கைக்கே எட்டியது.
இப்படியே நாற்பது நிமிடம்,
பார்க்கச் சகிக்காமல், அழகே இல்லாமல்,
ஐம்பத்துநான்கு, ஐம்பத்தொன்று.

“இது கூடைப்பந்து இல்லை,” என்று எழுதினார் ருஜ்ஜேரோ.
“ஆமாம்,” என்று எழுதினேன்.

அடுத்த பருவம் தொடங்கியபோது
சந்தையில் நெட்டையர் யாரும் மலிவாக இல்லை.
நேற்றுவரை குப்பையில் கிடந்த உயரத்துக்கு
இன்று சென்டிமீட்டர் கணக்கில் விலை.
டும்பேக்கு முப்பத்தைந்தாகிவிட்டது.
எண்களுக்கும் முட்டி தேயும்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டது
அதே பல் டாக்டர்தான்.
கொடுத்துவிட்டேன்.
பெட்டியை இறக்கியதும் கப்பல்
நீரில் கொஞ்சம் மேலெழும்பும், பார்த்திருக்கிறீர்களா?
அதைக் கனம் குறைந்தது என்பதா,
காலி என்பதா?
பதினான்காம் எண் சட்டையை இன்னும் யாருக்கும் தரவில்லை.

இன்று காற்று இருபத்திரண்டு.
தேடலை மாற்றி வைத்தேன்.
உயரம்: நூற்று எழுபத்தைந்து வரை மட்டும்.
பெர்னார்தோ கிஸ்பே, நூற்று அறுபத்தொன்பது,
வேகம் ‘அபாரம்’, ரீபவுண்ட் ‘பரிதாபம்’.
இப்படி இன்னும் நான்கு பேர் வேண்டும்.
நெட்டையர்கள் குனிவதற்குள்
காலிடுக்கில் புகுந்து போய்விடுகிற மாதிரி.
ஆயிரம் காசு வைத்தேன்.
மூன்று நிமிடம்.

இரண்டாவது நிமிடத்தில் ஆயிரத்து ஒன்று.
கேட்டது, இன்று காலைதான் பதிவான ஒரு கிளப்.
பெயர்: மின்கம்பங்கள்.

திரும்பிப் பார்த்தேன்.
ஹீட்டர் பக்கத்தில் ரிம்வீதாஸ்,
குனிந்த தலை நிமிராமல்,
கையுறையைக் கழற்றாமலே
ஒற்றை விரலால் திரையைக் குத்திக்கொண்டிருக்கிறார்.